கடைசிக் காவலும் பார்த்தாயிற்று

போன மாதம் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு கதை அனுப்பியிருந்தான். "மாமா, இது உங்க சமாச்சாரம். படிச்சுட்டு அழுதுட்டேன்" என்று கீழே எழுதியிருந்தான்.

கதை இதுதான். 1862, அமெரிக்க உள்நாட்டுப் போர். ராத்திரி இருட்டில் யாரோ முனகும் சத்தம் கேட்டு, வடக்குப் படையின் கேப்டன் ஒருவர் தவழ்ந்து போய் அடிபட்ட சிப்பாயை இழுத்து வருகிறார். விளக்கைக் கொளுத்திப் பார்த்தால் எதிரிப் படையின் சீருடை. முகத்தைப் பார்த்தால் சொந்த மகன். உயிர் போய்விட்டது. தெற்கே இசை படித்துக்கொண்டிருந்தவன், அப்பாவுக்குச் சொல்லாமல் எதிர்ப்பக்கம் சேர்ந்திருக்கிறான். அவன் சட்டைப்பையில் ஒரு தாளில் எழுதியிருந்த ஸ்வரங்களை, அடக்கத்தின்போது பியூகிள் என்ற பித்தளை ஊதுகுழலில் ஊதச் சொல்கிறார் அப்பா. இன்றைக்கும் அமெரிக்க ராணுவ அடக்கங்களில் ஊதுகிறார்களே, 'டாப்ஸ்', அது அப்படிப் பிறந்ததாம்.

நானும் முதல்முறை கேட்டபோது கலங்கியவன்தான். ஆனால் இது நடந்த கதை இல்லை. அப்படி ஒரு கேப்டன் வடக்குப் படையில் இருந்ததற்கே பதிவு கிடையாது. அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்போ நிஜக் கதை என்ன மாமா?" என்றான். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அவனுக்காக எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அமெரிக்காவை விட்டு நான் ஊதிய ராத்திரிகளுக்கே பேனா திரும்பித் திரும்பி வந்தது.

மெட்ராஸ் ரெஜிமெண்டில் 22 வருஷம் இருந்தேன். மற்ற ரெஜிமெண்ட்காரர்கள் எங்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள், மலையாளியோ தெலுங்கரோ கன்னடரோ, எல்லாரும் தம்பிதான். எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊர் குறைவு. எனவே வீட்டில் யாரும் தடுக்கவில்லை. நீலகிரியில் வெலிங்டனில் பயிற்சி. சேர்ந்த சில மாதங்களில், மூச்சு நன்றாக இருக்கிறது, பல்வரிசை ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லி என்னை பியூகிளுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பல்லைப் பார்த்து வேலை கொடுக்கிறார்களே என்று அன்று வியப்பாக இருந்தது. மௌத்பீஸ் உதட்டை அழுத்தும்போது உதட்டுக்குப் பின்னால் தாங்கிக்கொள்வது முன்பல்தான் என்பது அப்புறம் புரிந்தது.

பியூகிளைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எங்கே அமுக்குவது?" எங்கேயும் இல்லை. நாயனம் மாதிரி துளை கிடையாது, டிரம்பெட் மாதிரி பொத்தான் கிடையாது. சுருட்டி வைத்த ஒரு குழாய், அவ்வளவுதான். ஸ்வரம் மாற வேண்டுமென்றால் உதட்டை இறுக்க வேண்டும், அல்லது தளர்த்த வேண்டும். அப்படி இறுக்கித் தளர்த்தி நடைமுறையில் ஐந்து ஸ்வரம் கிடைக்கும். கீழ் ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், அதற்கு மேல் காந்தாரம், மறுபடி பஞ்சமம். ச, ப, ச, க, ப. ரி இல்லை, ம இல்லை, த இல்லை, நி இல்லை. காலையில் எழுப்புவதும், சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதும், ஃபால்-இன் சொல்வதும், ராத்திரி விளக்கணைக்கச் சொல்வதும் எல்லாம் இந்த மூன்று எழுத்துக்குள்தான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்கள் ராணுவ அடக்கங்களில் ஊதும் 'லாஸ்ட் போஸ்ட்' கேட்டால் மனம் உருகுகிறது என்பார்கள். உருகத்தான் செய்கிறது. ஆனால் சோகத்துக்கு என்று நம் காதுக்குப் பழகிய ஸ்வரம் ஒன்றுகூட அதில் இல்லை. முகாரியை அதில் வாசிக்க முடியாது, சுபபந்துவராளியை நினைத்தே பார்க்க முடியாது. அந்தக் காந்தாரம்கூட சங்கராபரணத்தில் வருகிற நல்ல பளிச்சென்ற காந்தாரம். அழுவதற்காகச் செய்த மெட்டு இல்லை அது. இது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது.

எங்களுக்கு ஊதக் கற்றுக்கொடுத்த உஸ்தாத் பாலக்காட்டுக்காரர், ஹவில்தார். முதல் இரண்டு மாதம் ஒரே ஸ்வரம்தான் ஊதவிட்டார். விடியற்காலையில் பேரக்குக்குப் பின்னால் யூகலிப்டஸ் மரங்களைப் பார்த்து நிற்க வேண்டும். ஒரு மூச்சில் ஒரு ஸ்வரம், ஆடாமல் அசையாமல். வெலிங்டன் 6,000 அடிக்கு மேல். டிசம்பர் மாதக் காலையில் மௌத்பீஸை உதட்டில் வைத்தால் ஐஸ் கட்டியை வைத்தது மாதிரி இருக்கும். குளிரில் உதடு விறைத்துப்போகும். பியூகிளின் சுருதியும் இறங்கும். "அதை முதல்ல மனுஷச் சூட்டுக்குக் கொண்டு வா" என்பார். மௌத்பீஸைக் கழற்றி உள்ளங்கைக்குள் பொத்தி, சில நேரம் அக்குளில் வைத்து, சூடாக்கிவிட்டுத்தான் மாட்டுவோம். ஊத ஊத மூச்சுக்காற்று உள்ளே நீராகத் தேங்கும். அதை உதறாமல் விட்டால் நல்ல நேரத்தில் களகளவென்று சத்தம் வரும். ஆகவே கடைசியாக ஒருமுறை கவிழ்த்து உதறு, உதட்டை நாக்கால் ஈரப்படுத்து, மூச்சை வயிற்றிலிருந்து எடு. இந்த மூன்றும் அனிச்சையாக வரும்வரை அவர் விடவில்லை. இப்போதும் ஏதாவது முக்கியமாகப் பேச வாய் திறக்கும் முன் உதட்டை ஈரப்படுத்திக்கொள்கிறேன் என்று மனைவி சொல்வாள்.

டியூட்டி பியூகிளருக்கு இடம் குவார்ட்டர் கார்டு. காவல் படையோடு அங்கேயே 24 மணி நேரம். மணிக்கொரு தரம் சந்திரி, அதாவது காவல் நிற்கும் சிப்பாய், கண்டாமணி அடிப்பான். நான் கடிகாரத்தைப் பார்த்து என் ஊதல்களை ஊத வேண்டும். சூரியன் இறங்கும்போது ரிட்ரீட், கொடி இறங்கும். எங்கள் யூனிட்டில் ராத்திரி ஒன்பதரைக்கு ஃபர்ஸ்ட் போஸ்ட், பத்துக்கு லாஸ்ட் போஸ்ட், பத்தேகாலுக்கு லைட்ஸ் அவுட். ஊதி முடித்ததும் எதிரே பேரக்குகளில் ஜன்னல் ஜன்னலாக விளக்கு அணையும். லங்கரில் யாரோ கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். எனக்கு அந்த வேளை மிகவும் பிடிக்கும். ஆனால் லாஸ்ட் போஸ்ட் என்றால் என்ன, எதற்கு அந்தப் பெயர் என்று நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை. பத்து மணி ஊதல், அவ்வளவுதான்.

அடக்கத்திலும் அதையேதான் ஊத வேண்டும் என்பது டிரில்லில் சொல்லிக்கொடுத்ததுதான். மூன்று சுற்று வேட்டு, தலைகீழாகத் திருப்பிய துப்பாக்கி, லாஸ்ட் போஸ்ட், மௌனம், அதற்குப் பின் ரவுஸ். ரவுஸ் என்பது காலையில் எழுப்புகிற ஊதல். தூங்கவைக்கும் ஊதலும் எழுப்பும் ஊதலும், நடுவே ஒரு ராத்திரியின் இடத்தில் கொஞ்ச நேர மௌனம்.

2001-இல் நான் வெலிங்டனில் இருந்தபோது, தேனிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். வடக்கே பனிச்சரிவில் போன பையன். எனக்கு அவனைத் தெரியாது. ராத்திரி லாரியில் மலையிறங்கி, விடிந்தும் விடியாமலும் போய்ச் சேர்ந்தோம். மதுரையிலிருந்து பெட்டி பதினோரு மணிக்கு வந்தது. நான் குளிரில் ஊதிப் பழகியவன். அங்கே சித்திரை வெயில். பித்தளை கையைச் சுட்டது. சூட்டில் சுருதி ஏறும். கைக்குட்டையில் சுற்றி, ஒரு புளியமரத்து நிழலில் வைத்திருந்தேன்.

அந்த நிழலில்தான் ஊர்ச் சங்கு ஊதுகிற பெரியவர் நின்றிருந்தார். ஒரு கையில் சங்கு, தோளில் சேகண்டி. பட்டாளம் வந்திருப்பதால் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. என் பியூகிளையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாய்ப்பக்கம் கண்ணை வைத்து உள்ளே பார்த்தார்.

"ஓட்டையே இல்லையே தம்பி. எதை வச்சு ஏத்தி இறக்குவீங்க?"

"உதட்டாலதாங்க ஐயா."

தலையை ஆட்டினார். "சங்கும் அப்படித்தான்" என்றார். பிறகு தன் சங்கை என்னிடம் நீட்டினார். வாய் வைக்கும் இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. எத்தனை வருஷத்து உதடு அது என்று தெரியவில்லை. நான் அதை ஊதிப் பார்க்கவில்லை. ஊதிப் பார்க்கிற நாள் இல்லை அது. வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் நானும் ஒரே வேலைக்கு வந்தவர்கள் என்பது மட்டும் அப்போது மனதில் பட்டது.

வேட்டுச் சத்தத்துக்கு மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழுந்தன. சின்னப் பையன்கள் தோட்டா உறை பொறுக்க ஓடினார்கள். எங்கள் ஹவில்தார் ஒவ்வொன்றாக வாங்கி எண்ணிக்கொண்டார், எண்ணிக்கை குறைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் என் முறை.

முதலில் கீழிருந்து எழும் இரண்டு ஸ்வரம். திரும்பவும் அதே இரண்டு. யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அது நன்றாக வந்தது. நடுவே மேல் பஞ்சமத்துக்கு ஏறுகிற இடத்தில், அந்தப் பையனின் அம்மா ஒரு சத்தம் போட்டார். "ஐயா" என்றுதான் கேட்டது, மகனைக் கூப்பிட்டதா சாமியைக் கூப்பிட்டதா தெரியாது. என் உதடு ஒரு நொடி தளர்ந்தது. ஸ்வரம் கீறியது. உடனே பிடித்துவிட்டேன். முடிக்கவும் செய்தேன். பக்கத்தில் நின்ற எங்கள் ஆட்களே கவனித்தார்களோ இல்லையோ. எனக்கு அது 20 வருஷத்துக்கு மேலாகக் காதில் இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் அடக்கத்தில், 1963 நவம்பர் 25 அன்று, சார்ஜண்ட் கீத் கிளார்க் ஊதும்போது ஆறாவது ஸ்வரம் உடைந்தது என்று பிற்பாடு படித்தேன். குளிரில் நெடுநேரம் நின்றிருந்தார், பக்கத்திலேயே வேட்டு வேறு. அதைப் படித்த அன்று அந்த மனிதரைக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கொடியை மடித்துக் கொடுத்து, எல்லாம் முடிந்து லாரி ஏறும் நேரம், அந்த அம்மா ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏப்பா, எம் மகனுக்கு என்னன்னு சொல்லி ஊதுன?"

சங்கு ஊதினால் எதற்கென்று அவருக்குத் தெரியும். பறை அடித்தால் தெரியும். இது தெரியவில்லை, கேட்கிறார். நான் "மரியாதைம்மா... பட்டாளத்து மரியாதை" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அது பதில் இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

பதில் கிடைத்தது அடுத்த வருஷம் மழைக்காலத்தில். வேறு ஊர், வேறு யூனிட். ராத்திரி பத்தாகப் போகிறது. நான் குவார்ட்டர் கார்டு வராந்தாவில் மௌத்பீஸைக் கையில் பொத்திக்கொண்டு நிற்கிறேன். டியூட்டி ஆபீசர் ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வந்தார், சின்ன வயசு கேப்டன். வெடிமருந்துக் கிடங்கு, வண்டி நிற்கும் இடம், பின்கேட் எல்லாம் சுற்றியிருக்கிறார். ஒவ்வொரு இடத்திலும் "தம்! கோன் ஆத்தா ஹை?" (நில்! யார் வருவது?) என்று சந்திரி அதட்டுவது மழைக்கு நடுவே எனக்கு இங்கே வரை கேட்டுக்கொண்டிருந்தது. கார்டு கமாண்டரின் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து என்னிடம் சொன்னார்: "கடைசிப் போஸ்ட்டும் பார்த்தாச்சு. இப்ப நீ ஊதினா சரியான அர்த்தம்."

"என்ன அர்த்தம் சாப்?"

அவருக்கு வியப்பு, பியூகிளர் கேட்கிறானே என்று. நின்று சொன்னார். போஸ்ட் என்றால் காவல் நிற்கும் இடம். நாம் பாரா என்கிறோமே, அது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் முகாமில் ராத்திரி அதிகாரி சுற்றக் கிளம்புவார். முதல் பாராவைப் பார்க்கும்போது ஓர் ஊதல், ஃபர்ஸ்ட் போஸ்ட். முகாமைச் சுற்றி எல்லாப் பாராவும் பார்த்து, கடைசி ஆளும் விழிப்பாக அவன் இடத்தில் நிற்கிறான் என்று தெரிந்ததும் இன்னோர் ஊதல், லாஸ்ட் போஸ்ட். முகாமில் படுத்திருப்பவனுக்கு அது ஒரு தகவல். எல்லாக் காவலும் சரியாக இருக்கிறது. ராத்திரிக்குப் பொறுப்பு வேறு ஆள் எடுத்துக்கொண்டாயிற்று. நீ தூங்கலாம்.

அன்று ராத்திரி நான் எப்படி ஊதினேன் என்று நினைவில்லை. ஊதி முடித்ததும் தேனிப் பக்கத்து அந்த அம்மாவின் முகம் வந்தது மட்டும் நினைவிருக்கிறது. "நீ தூங்கலாம்யா, பாரா நாங்க பார்த்துக்கிறோம்" என்றுதான் அவர் மகனுக்கு நான் சொல்லியிருக்கிறேன். சொன்ன எனக்கே தெரியாமல் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். லாஸ்ட் போஸ்ட் 1790-களிலேயே அச்சேறிவிட்ட ஊதல். முகாமில் ஒரு நாளைக்கு ஊதும் பத்திருபது ஊதல்களில் அதுவும் ஒன்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் மெல்ல மெல்ல அடக்கத்துக்கு வந்தது. அதற்கும் முந்திய வழக்கம் இன்னும் சுவாரசியம். 17-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பக்கம் போருக்குப் போன படைகளில், ராத்திரியானால் தம்பட்டக்காரர்கள் தெருத்தெருவாகத் தட்டிக்கொண்டு போவார்கள். சாராயக் கடைக்காரர்களுக்குச் சேதி: பீப்பாய்க் குழாயை மூடு, சிப்பாய்கள் முகாமுக்குத் திரும்பட்டும். டச்சு மொழியில் 'தூ டென் டாப் தூ'. அதுதான் சிதைந்து 'டாட்டூ' ஆயிற்று. ராத்திரி ஊதலுக்கும், எடின்பரோவில் வருஷா வருஷம் நடக்கிறதே அந்த ராணுவ இசை விழாவுக்கும் டாட்டூ என்ற பெயர் அப்படி வந்தது. உடம்பில் குத்திக்கொள்கிற டாட்டூ வேறு, அது பசிபிக் தீவுகளிலிருந்து வந்த சொல். ஃபர்ஸ்ட் போஸ்ட், லாஸ்ட் போஸ்ட் இரண்டும் இந்த ராத்திரித் தம்பட்டத்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டியவை.

மகள் தமிழாசிரியை. அவளிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அப்பா, இது நெடுநல்வாடையிலேயே இருக்கே" என்று எடுத்துப் படித்துக் காட்டினாள். வாடைக்காற்றில் பாசறை விளக்குகள் சாய்ந்து எரிகின்றன. சேற்றுத் தெருவில் குதிரைகள் மேலே விழும் தூறலை உதறுகின்றன. நடுச்சாமத்தில் அரசன் தூங்காமல், சிலரோடு மட்டும், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு போகிறான். தோளிலிருந்து நழுவும் துணியை ஒரு கை பிடித்திருக்கிறது. மேலே பிடித்த குடை தூறலை மறைக்கிறது. எனக்கு மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வந்த அந்தக் கேப்டன்தான் கண்ணில் தெரிந்தார். ராத்திரி முகாமைச் சுற்றிவர ஒரு ஆள் வேண்டும் என்பது எந்தக் காலத்துப் படைக்கும் தெரிந்திருக்கிறது. எங்களைப் போன்ற பேண்ட்காரர்களுக்குப் போர் என்று வந்தால் ஸ்ட்ரெச்சர் தூக்குவதும் வேலைதான். அதற்கான பயிற்சியும் உண்டு. ஊதுகிறவனும் புண்பட்டவனைத் தூக்குகிறவனும் ஒரே ஆளாக இருப்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

சரி, அக்கா மகனுக்குப் பாக்கியிருக்கும் டாப்ஸ் கதை. அது 1862 ஜூலையில், வர்ஜீனியா மாநிலத்தில் ஹாரிசன்ஸ் லேண்டிங் என்ற ஆற்றங்கரை முகாமில் நடந்தது. ஏழு நாள் சண்டையில் ஏகப்பட்ட பேரை இழந்துவிட்டு வடக்குப் படை அங்கே ஒதுங்கியிருந்தது. ஜெனரல் டேனியல் பட்டர்ஃபீல்டுக்கு, விளக்கணைக்க ஊதும் வழக்கமான ஊதல் பிடிக்கவில்லை. தன் பிரிகேடின் பியூகிளர் ஆலிவர் நார்ட்டனைக் கூப்பிட்டார். ஓர் உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஸ்வரங்களைக் காட்டி ஊதச் சொன்னார். இங்கே நீட்டு, அங்கே குறை என்று திருத்தினார். பழைய ஊதல் ஒன்றின் கடைசிப் பகுதிதான் அது, அவர் பண்படுத்தியிருக்கிறார். மொத்தம் 24 ஸ்வரம். அன்று ராத்திரியே நார்ட்டன் அதை ஊதினார். அமைதியான கோடை ராத்திரி, சத்தம் தூரம் போயிருக்கிறது. மறுநாள் பக்கத்து பிரிகேட் பியூகிளர்கள் வந்து எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதே நாட்களில் ஒரு பீரங்கி வீரனை அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. கேப்டன் டிட்பால் என்பவரின் பீரங்கிப் படையைச் சேர்ந்தவன். எதிரி மிகப் பக்கத்தில் இருந்தான். வழக்கப்படி மூன்று சுற்று வேட்டுப் போட்டால் மறுபடி சண்டை தொடங்கிவிட்டது என்று நினைத்துவிடுவான். அதனால் டிட்பால் வேட்டை விட்டுவிட்டு டாப்ஸை ஊதச் சொன்னார். 1891-இல் அது ராணுவ அடக்கத்துக்கென்று விதியிலேயே ஏறியது. எனக்கு இந்த நிஜம் அந்தக் கட்டுக்கதையைவிட நெஞ்சில் நிற்கிறது. யாரையும் சுடத் தூண்டிவிடக் கூடாதே என்பதற்காக ஊதிய ஊதல் அது.

ஆக, அமெரிக்கர்களின் டாப்ஸும் எங்கள் லாஸ்ட் போஸ்ட்டும் இரண்டுமே தினப்படி ராத்திரி ஊதல்கள்தான். உயிரோடு இருந்தவரை ஒருவன் எதைக் கேட்டுத் தூங்கினானோ, அதையே கடைசியாகவும் அவனுக்கு ஊதுகிறோம். புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. அதனால்தான் ஷட்ஜமும் காந்தாரமும் பஞ்சமமும் அங்கே போதுமாக இருக்கிறது.

பெல்ஜியத்தில் ஈப்பர் என்ற ஊரில் மெனின் கேட் என்று ஒரு நினைவு வாயில். முதல் உலகப் போரில் அந்தப் பக்கம் இறந்து, உடல் கிடைக்காமல் போன 54,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவர்களில். இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு. 1928-இல் தொடங்கிய வழக்கப்படி அங்கே தினமும் மாலை எட்டு மணிக்கு போக்குவரத்தை நிறுத்திவிட்டு லாஸ்ட் போஸ்ட் ஊதுகிறார்கள். ஊதுகிறவர்கள் ராணுவத்தினர் இல்லை, உள்ளூர்த் தீயணைப்புப் படைத் தொண்டர்கள். ஜெர்மனி அந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த 1940 மே முதல் 1944 செப்டம்பர் வரை மட்டும் அங்கே ஊத முடியவில்லை. அந்த நாட்களில் இங்கிலாந்தில் புரூக்வுட் என்ற இடத்துக் கல்லறையில் ஊதினார்கள். போலந்துப் படை ஊரை மீட்ட அன்றே, ஊரின் மறுபக்கம் சண்டை ஓயாதிருக்கும்போதே, மாலையில் மெனின் கேட்டில் பியூகிள் கேட்டது. 2015 ஜூலையில் 30,000-ஆவது முறை. நான் அங்கே போனதில்லை. ஆனால் ஒரு பியூகிளராக என் எண்ணம் அந்தத் தீயணைப்புக்காரர்களிடம் அடிக்கடி போகும். மழை, காய்ச்சல், உதட்டில் வெடிப்பு எது இருந்தாலும் எட்டு மணிக்கு யாராவது ஒருவர் போய் நிற்க வேண்டும். உடல் கிடைக்காதவர்களுக்கு பாரா பார்ப்பது என்றால் அப்படித்தான்.

அமெரிக்காவில் 2003-லிருந்து ஒரு கருவி வந்திருக்கிறது. பியூகிளின் அகன்ற முனைக்குள் சொருகிவிட்டுப் பொத்தானை அமுக்கினால், பதிவு செய்த டாப்ஸ் ஒலிக்கும். கையில் பிடித்திருப்பவர் ஊதுவது போல நின்றால் போதும். மூத்த வீரர்கள் நிறையப் பேர் காலமாகிறார்கள், ஊத ஆள் போதவில்லை என்கிறார்கள். காரணம் புரிகிறது. ஆளே இல்லாமல் போவதற்கு அது மேல் என்று அந்தக் குடும்பங்கள் நினைத்தால் நான் குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அதில் எந்த ஸ்வரமும் கீறாது. வந்து நிற்கிறவனுடைய மூச்சு அதற்குள் போகவும் போகாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பத்தில் ஒரு கல்யாணம். முடிந்ததும் பஸ் பிடித்து அந்த ஊருக்குப் போனேன். புளியமரம் இருந்தது. சங்குக்காரர் காலமாகி வெகுநாளாகிவிட்டது என்றார்கள். அந்த அம்மா இருந்தார். கண் மங்கிவிட்டது. வாசல் திண்ணையில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார், கண்ணால் இல்லை, விரலால். யாரென்று சொன்னேன். "பட்டாளத்துல இருந்து வந்து ஊதுனியே, அந்தத் தம்பியா?" என்றார்.

உட்கார்ந்து சொன்னேன். ராத்திரி எல்லாப் பாராவையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசிக் காவல்காரனும் விழித்திருக்கிறான் என்று தெரிந்த பிறகு ஊதுவதும்மா அது. இனிமேல் நீ தூங்கலாம், நாங்கள் இருக்கிறோம் என்று அர்த்தம். அன்றைக்கு நீங்கள் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விரல் அரிசிக்குள் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அது சரிப்பா. அதை ஊதிட்டுச் செத்த நேரம் சும்மா நின்னுட்டு, அப்புறம் இன்னொண்ணு ஊதுனியே. வெரசா. அது என்னது?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த நிலையிலும் கேட்டிருக்கிறார். "அது காலையில எழுப்புறதுக்கு ஊதறதும்மா."

"அவனைத்தான் தூங்கச் சொல்லியாச்சே. பொறகு யாரை எழுப்புன?"

உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டேன். "உங்களைத்தாம்மா" என்றேன்.

முறத்தை மெதுவாக ஓரமாக நகர்த்தி வைத்தார். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது. "இருப்பா, டீ போடுறேன். குடிச்சுட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, நிலையைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.